வாடகை வீட்டைப் பேணுதல்

ஜொகூர் பாருவை அடுத்துள்ள ஸ்கூடாயில் ஒரு பழைய வரிசை வீட்டைக் கற்பனை செய்து பார்க்கலாம். அது நவம்பர் மாதத்தின் ஒரு மாலைப் பொழுது. இடி மின்னலுடன் கொட்டிய மழை இப்போதுதான் ஓய்ந்திருக்கிறது. படுக்கையறையின் உட்கூரைப் பலகையில் ஐம்பது காசு அளவில் ஒரு பழுப்பு நிறக் கறை தெரிகிறது. அந்த வீட்டில் வாடகைக்குத் தங்கியிருக்கும் மாணவர்கள் அதைக் கவனிக்கின்றனர். ‘வீட்டுக்காரரிடம் சொன்னால் நம் மீது பழி வருமோ?’ என்று தயங்கி, பேசாமல் இருந்துவிடுகின்றனர். வீட்டுக்காரரோ, ‘வாடகை மாதந்தோறும் வந்துவிடுகிறது, வீடு நன்றாகத்தான் இருக்கும்’ என்று எண்ணி, அந்தப் பக்கமே போவதில்லை.

மூன்று மாதங்கள் கழிகின்றன. நனைந்து கனத்த உட்கூரைப் பலகை ஒரு நாள் இரவு பெயர்ந்து விழுகிறது. மேலே ஓடிய மின்கம்பி ஈரமாகி விளக்கு அணைந்து போகிறது. கூரையைத் தாங்கும் மரச்சட்டத்தில் ஒரு பகுதி உளுத்திருக்கிறது. காரணத்தைத் தேடினால், கூரையில் விரிசல் விட்ட ஒரே ஓர் ஓடு! தொடக்கத்திலேயே அந்த ஓட்டை மாற்றியிருந்தால் அரை நாள் வேலையோடு முடிந்திருக்கும். இப்போது உட்கூரை, மரச்சட்டம், மின்கம்பி ஆகிய மூன்றையும் மாற்ற வேண்டும். அதைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. “நீங்கள் சொல்லவில்லை” என்று ஒருவரும், “நீங்கள் வந்து பார்க்கவில்லை” என்று மற்றொருவரும் குறைகூறத் தொடங்க, முன்பணத்தைத் திருப்பித் தருவதா வேண்டாமா என்ற வழக்கு எழுகிறது.

இந்தக் கற்பனை வீட்டின் கதை பல உண்மை வீடுகளில் நடப்பதுதான். வாடகை வீட்டுக்கு உரிமையாளர் ஒருவர். அதில் வாழ்பவர் மற்றொருவர். உரிமையாளர் வீட்டில் இல்லாததால் பழுதைக் காண்பதில்லை. வாழ்பவருக்கு வீடு சொந்தமில்லாததால் பழுதைச் சரிசெய்வதில்லை. இந்த இடைவெளியில்தான் சிறு பழுது பெரும் பழுதாக வளர்கிறது. ஆகவே, வாடகை வீட்டைப் பேணுவதற்குக் கருவிகளைக் கையாளும் திறன் மட்டும் போதாது. பழுதை முன்கூட்டியே காணும் பழக்கமும், யார் எதைச் செய்வது என்ற தெளிவும் வேண்டும்.

ஜொகூரின் வாடகை வீடுகள்

ஒரு காலத்தில் ஜொகூர் பாருவைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களும் செம்பனைத் தோட்டங்களும் பரந்து கிடந்தன. அங்கு உழைத்த தமிழர்கள் பலர் லயன் வீடுகளில் வாழ்ந்தனர். அவ்வீடுகள் தோட்ட நிருவாகத்துக்கு உரியவை. கூரை ஒழுகினால் நிருவாகத்திடம்தான் முறையிட வேண்டும். பின்னர்த் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. தாமான் உங்கு துன் அமீனா, ஜொகூர் ஜெயா, தாமான் யுனிவர்சிட்டி போன்ற குடியிருப்புகள் வளர்ந்தன. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் சொந்த வீடு வாங்கின. அடுத்த தலைமுறையில் சிலர் இரண்டாவது வீட்டையும் வாங்கி வாடகைக்கு விடும் நிலைக்கு உயர்ந்தனர்.

வாடகைக்கு வீடு தேடுவோரும் இங்கு மிகுதி. 1924ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஜொகூர் பாலத்தைக் கடந்து நாள்தோறும் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்வோர், பாசிர் கூடாங் தொழிற்சாலைகளில் பணிபுரிவோர், ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழக மாணவர்கள் எனப் பலருக்கும் வாடகை வீடு தேவைப்படுகிறது. அதனால், வீடு வாங்கி வாடகைக்கு விடுவது நல்ல முதலீடாகக் கருதப்படுகிறது. ஆனால், வங்கியில் போட்ட பணத்தைப் போல வீடு தானாக வளர்வதில்லை. பயன்படுத்தப் பயன்படுத்தத் தேய்கிறது. வெயிலிலும் மழையிலும் நலிகிறது. அதைப் பேணினால்தான் முதலீடு. பேணாவிட்டால் அது சுமை.

முதல் எதிரி நீர்

ஜொகூரில் ஆண்டு முழுவதும் மழை உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று நீண்ட மழையைக் கொண்டுவருகிறது. பருவக்காற்று மாறும் மாதங்களில் பிற்பகல் வேளையில் இடியுடன் கூடிய கனமழை பெய்கிறது. காற்றிலும் ஈரப்பதம் எப்போதும் மிகுந்திருக்கும். எனவே, இங்குள்ள வீடுகளுக்கு முதல் எதிரி நீரே. வீட்டைச் சோதிக்கும்போது நீர் செல்லும் வழியைப் பின்பற்றி, மேலிருந்து கீழாகச் செல்வது நல்ல முறையாகும்.

முதலில் கூரை. ஓடுகளில் விரிசல் உள்ளதா, ஏதேனும் ஓடு நகர்ந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். கூரையும் சுவரும் சேரும் இடத்தில் நீர் புகாமல் தடுக்கும் தகடும் பூச்சும் பெயர்ந்துள்ளனவா என்றும் கவனிக்க வேண்டும். கூரை விளிம்பில் மழைநீரை ஏந்திச் செல்லும் கால்வாயில் இலைகளும் மண்ணும் சேர்ந்தால் நீர் வழியின்றித் தேங்கி, பின்புறமாகச் சுவருக்குள் இறங்கும். அக்டோபர் மாதத்திலேயே அதைத் துப்புரவு செய்துவிட்டால், பருவமழையின்போது தொல்லையில்லை. கூரைமேல் ஏறுவது ஆபத்தான செயல். அதைத் தகுந்த பாதுகாப்புக் கருவிகளுடன் வரும் பணியாளர்களிடம் விடுவதே அறிவுடைமை. தரையில் நின்றபடியே கைப்பேசியில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் பல குறைகள் தென்படும்.

அடுத்து, சுவர். சுவரில் கரும்புள்ளிகளாகப் பூஞ்சை படர்ந்தால், பலர் அதன்மேல் புதுச் சாயம் பூசி மறைத்துவிடுவர். சில வாரங்களில் பூஞ்சை மீண்டும் தோன்றிவிடும். ஏனெனில், பூஞ்சை நோயின் அடையாளம் மட்டுமே. நோய், சுவருக்குள் இருக்கும் ஈரம். முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிந்து அதை நிறுத்த வேண்டும். பிறகு, சுவரை நன்கு உலரவிட வேண்டும். அதன் பின்னரே பழைய சாயத்தைச் சுரண்டி, பூஞ்சையைத் துடைத்து, புதுச் சாயம் பூச வேண்டும். இந்த வரிசை மாறினால் செய்த செலவு வீணாகும்.

கற்காரைத் தளத்தில் கசிவு ஏற்பட்டால் இன்னும் கூடுதலான கவனம் வேண்டும். கற்காரைக்குள் இரும்புக் கம்பிகள் உள்ளன. ஈரமும் காற்றும் அவற்றை அடையும்போது இரும்பு துருப்பிடிக்கிறது. துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்வதால், உள்ளிருந்து வெளிநோக்கி அழுத்துகிறது. அதனால் கற்காரை வெடித்துத் துண்டு துண்டாக உதிர்கிறது. பழைய வீடுகளின் குளியலறை உட்கூரையில் துருப்பிடித்த கம்பி தெரிவதை இவ்வாறே விளங்கிக்கொள்ளலாம். அது அழகுக் குறை மட்டுமல்ல. உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் குறையுமாகும். அதன்மேல் வெறும் சிமெண்டைப் பூசி மூடாமல், தகுதியுடைய குத்தகையாளரிடம் காட்ட வேண்டும்.

சொட்டும் குழாயும் எளிய சோதனையும்

குழாயில் சொட்டும் நீரைப் பலர் பொருட்படுத்துவதில்லை. ஒரு நொடிக்கு ஒரு சொட்டு எனக் கொண்டால், ஒரு நாளில் 86,400 சொட்டுகள் விழும். ஏறத்தாழ 4,000 சொட்டுகள் ஒரு லிட்டர் எனக் கணக்கிட்டால், நாளொன்றுக்கு 21 லிட்டருக்கு மேல் வீணாகிறது. ஒரு மாதத்தில் அது 640 லிட்டரைத் தாண்டும். சிறு துளி பெருவெள்ளம் என்னும் பழமொழி சேமிப்புக்கு மட்டுமன்றி, இழப்புக்கும் பொருந்துகிறது. பெரும்பாலும் இப்பழுதுக்குக் காரணம், குழாயின் உள்ளே இருக்கும் தேய்ந்த ரப்பர் வளையம்தான். நீர் வரும் அடைப்பானை மூடிவிட்டு, குழாயைக் கழற்றி, அதே அளவுள்ள புது வளையத்தைப் பொருத்தினால் சொட்டுவது நின்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியும் கசிவைவிடத் தெரியாத கசிவே கொடியது. அதைக் கண்டறிய எளிய சோதனைகள் இரண்டு உள்ளன. இரவில் படுக்கப் போகும் முன் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, நீர் அளவைக் கருவி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். காலையில் எவரும் நீரைப் பயன்படுத்தும் முன் மீண்டும் பார்க்க வேண்டும். எண் கூடியிருந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கூரைமேல் உள்ள தொட்டி இரவில் நிரம்பும் என்பதால், அது முழுமையாக நிரம்பிய பிறகே எண்ணைக் குறிக்க வேண்டும்.

இரண்டாவது சோதனை கழிவறைக்குரியது. கழிவறை நீர்த்தொட்டியில் சில துளி உணவுச் சாயத்தை இட்டு, அரைமணி நேரம் நீரை இறைக்காமல் விட வேண்டும். கீழேயுள்ள கழிவுக் கிண்ணத்தில் சாயம் தெரிந்தால், தொட்டியின் அடைப்பு தேய்ந்து நீர் ஓசையின்றி ஒழுகுகிறது என்று பொருள். இவ்விரு சோதனைகளுக்கும் செலவு ஏதுமில்லை. பள்ளி மாணவர்களும் தங்கள் வீட்டில் இவற்றைச் செய்து பார்க்கலாம்.

சமையலறைக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொள்வதற்கு முக்கியக் காரணம் எண்ணெய். சூடாக இருக்கும்போது நீரைப்போல ஓடும் எண்ணெயும் கொழுப்பும் குழாய்க்குள் குளிர்ந்து கெட்டியாகப் படிகின்றன. சோற்றுப் பருக்கையும் தேயிலைத் தூளும் அதில் ஒட்டிக்கொள்கின்றன. பயன்படுத்திய எண்ணெயைப் புட்டியில் ஊற்றி அகற்றுவதும், தொட்டியின் வாயில் வலை பொருத்துவதும் இதைத் தடுக்கும் வழிகள். இதில் வாடகைக்கு இருப்பவரின் பழக்கமே மருந்து.

மின்சாரத்தில் விளையாட்டு வேண்டாம்

நீரினால் ஏற்படும் பழுது பணத்தைத் தின்னும். மின்சாரத்தினால் ஏற்படும் பழுது உயிரையே பறிக்கும். குளியலறைச் சுடுநீர்க் கருவியை இதற்கு எடுத்துக்காட்டாகக் கூறலாம். ஈரமான உடல் மின்சாரத்தை எளிதில் கடத்துகிறது. ஏறத்தாழ 10 மில்லியாம்பியர் மின்னோட்டம் உடலில் பாய்ந்தாலே தசைகள் இறுகி, பிடித்த பொருளை விட முடியாமல் போகலாம். அதற்கு மேல் கூடக்கூட இதயத் துடிப்பே பாதிக்கப்படும்.

மின்பெட்டியில் உள்ள வழக்கமான துண்டிப்பி, மின்கம்பி சூடேறித் தீப்பிடிக்காமல் காப்பதற்கானது. அது பல ஆம்பியர் மின்னோட்டத்தைக் கண்டால்தான் செயல்படும். மனித உயிரைக் காப்பது மின்கசிவுத் துண்டிப்பி என்னும் மற்றொரு கருவி. வீட்டுக்குள் செல்லும் மின்னோட்டமும் வெளியேறும் மின்னோட்டமும் சமமாக உள்ளனவா என்பதை அது இடைவிடாமல் ஒப்பிட்டுப் பார்க்கிறது. சிறு வேறுபாடு தோன்றினாலும் மின்சாரம் வேறு வழியில் கசிகிறது என உணர்ந்து, கண் இமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கிறது. ஈரமான இடங்களுக்கு 10 மில்லியாம்பியர் அளவிலேயே செயல்படும் துண்டிப்பி இருக்க வேண்டும் என மலேசியாவின் 1994ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறை விதிகள் கூறுகின்றன. பழைய வீடுகளில் சுடுநீர்க் கருவியைப் பொருத்தும்போது இதைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம். ஆகவே, வீட்டை வாடகைக்கு விடுமுன் உரிமையாளர் இதனைச் சரிபார்ப்பது தலையாய கடமை.

இக்கருவியில் சோதனைப் பொத்தான் ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பார்க்க வேண்டும். உடனே மின்சாரம் நின்றால் கருவி நல்ல நிலையில் உள்ளது. நிற்கவில்லை என்றால், அந்தக் கருவியை நம்பி அந்த வீட்டில் எவரும் குளிக்கக்கூடாது. பொத்தானை அழுத்துவதும் பழுதைத் தெரிவிப்பதும் குடியிருப்பவர் செய்யக்கூடியவை. மின்கம்பியைத் தொடும் வேலையோ, எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளருக்கு மட்டுமே உரியது. ‘எனக்கும் கொஞ்சம் தெரியும்’ என்னும் எண்ணம் இங்கு உதவாது.

வெள்ளம் புகுந்த வீட்டிலும் இதே எச்சரிக்கை வேண்டும். 2006ஆம் ஆண்டு டிசம்பரிலும் 2007ஆம் ஆண்டு ஜனவரியிலும் கோத்தா திங்கி நகரம் அடுத்தடுத்து வெள்ளத்தில் மூழ்கியது. 2023ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் பத்து பகாட், யோங் பெங் பகுதிகள் பாதிக்கப்பட்டன. இத்தகைய காலங்களில், நீர் வடிந்தவுடன் விசையைத் தட்டி விளக்கேற்றிப் பார்க்கும் ஆவல் எழுவது இயல்பு. எனினும், மின்பணியாளர் சோதிக்கும் வரை பொறுத்திருப்பதே உயிருக்குப் பாதுகாப்பு.

கரையானும் கொசுவும்

சுவரோரத்திலும் கதவு நிலையிலும் பென்சில் பருமனில் மண்ணால் ஆன கோடு போன்ற குழாய் தெரிந்தால், கரையான் வந்துவிட்டது என்று பொருள். கரையான் வெளிச்சத்தையும் உலர்ந்த காற்றையும் தாங்காது. அதனால், மண்ணிலிருந்து மரம்வரை மூடிய பாதை அமைத்துக்கொள்கிறது. அந்தப் பாதையைத் துடைத்துவிட்டால் கரையான் போய்விடும் என்று நினைப்பது தவறு. அது வேறு பாதை அமைக்கும். மேலும், பாதையைக் கலைத்தால் கரையான் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிவதும் கடினமாகும். படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிட்டு, அதை அப்படியே விட்டுவைத்து, கரையான் ஒழிப்புப் பணியாளரை அழைக்க வேண்டும். மரத்தை விரலால் தட்டும்போது வெற்றொலி கேட்டால், உட்புறம் ஏற்கெனவே அரிக்கப்பட்டிருக்கலாம்.

ஒரு வாடகைதாரர் வெளியேறி, மற்றொருவர் வரும் வரை வீடு பூட்டிக் கிடக்கும். அக்காலத்தில் வீடு கொசுக்களின் குடியிருப்பாக மாறிவிடக்கூடும். கழிவறைத் தொட்டி, கூரைக் கால்வாய், பூச்சாடித் தட்டு, கைவிடப்பட்ட வாளி ஆகியவற்றில் தேங்கும் சிறிதளவு நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதுமானது. முட்டை கொசுவாக மாற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் ஆகும். அதனால்தான் வாரம் ஒருமுறை சோதிக்குமாறு சுகாதார அமைச்சு வலியுறுத்துகிறது. நீர் வற்றினாலும் முட்டை பல மாதங்கள் உயிருடன் இருக்கும் என்பதால், பாத்திரங்களின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். நோய் பரப்பும் பூச்சிகளை அழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், தம் இடத்தில் கொசு பெருக விட்டவர் தண்டிக்கப்படலாம். ‘வீட்டில் ஆளில்லை’ என்பது அண்டை வீட்டாருக்கு டிங்கிக் காய்ச்சல் வராமல் தடுக்காது.

அடுக்குமாடியில் கசிவு

அடுக்குமாடி வீட்டில் பழுதுபார்ப்பு மேலும் சிக்கலானது. ஒருவரது தரையே மற்றொருவரது கூரை. பத்தாவது மாடியின் குளியலறையில் ஏற்படும் விரிசல், ஒன்பதாவது மாடியில் கறையாகத் தெரியும். யார் செலவு செய்வது என்ற கேள்வி உடனே எழும். இதைத் தீர்க்க, 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிருவாகச் சட்டமும் அதன்கீழ் 2015ஆம் ஆண்டு வெளியான விதிகளும் வழிகாட்டுகின்றன.

பாதிக்கப்பட்டவர் முதலில் கட்டட நிருவாகத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். நிருவாகம் ஏழு நாள்களுக்குள் வந்து சோதிக்க வேண்டும். சோதனை முடிந்த ஐந்து நாள்களுக்குள் காரணத்தைக் குறிப்பிட்டுச் சான்றிதழ் வழங்க வேண்டும். மறுப்புக்குச் சான்று கிடைக்கும் வரை, பழுது மேல்வீட்டிலோ மேலே உள்ள பொது இடத்திலோ இருப்பதாகவே சட்டம் கருதுகிறது. இம்முறையைப் பின்பற்றினால், மாடிப்படியில் நின்று வாக்குவாதம் செய்ய வேண்டிய தேவையில்லை.

அதே சட்டம் மற்றொரு நல்ல பாடத்தையும் கற்பிக்கிறது. அடுக்குமாடி வீட்டு உரிமையாளர்கள் பராமரிப்புக் கட்டணத்தோடு, அதில் பத்து விழுக்காட்டுக்கு ஈடான தொகையை எதிர்காலப் பழுதுகளுக்கான நிதியில் செலுத்த வேண்டும். கட்டடத்துக்குச் சாயம் பூசுவது, மின்தூக்கியை மாற்றுவது போன்ற பெருஞ்செலவுகளுக்கு அந்நிதி பயன்படுகிறது. தரை வீட்டு உரிமையாளரை அவ்வாறு சேமிக்கச் சொல்ல எவருமில்லை. அவரே தமக்கு விதி வகுத்துக்கொள்ள வேண்டும். மாத வாடகை 1,200 ரிங்கிட் எனில், பத்து விழுக்காடான 120 ரிங்கிட்டை ஒதுக்கினால் ஓராண்டில் 1,440 ரிங்கிட்டும் ஐந்தாண்டுகளில் 7,200 ரிங்கிட்டும் சேரும். கூரை ஒழுகும் நாளில் கடன் வாங்க வேண்டியிராது.

யாருடைய பொறுப்பு?

வாடகை வீட்டில் எழும் பெரும்பாலான பூசல்கள், பழுதினால் எழுவதைவிடத் தெளிவின்மையால் எழுவதே அதிகம். வாடகை தொடர்பில் இரு தரப்பினரும் கையொப்பமிடும் ஒப்பந்தமே முதன்மையான வழிகாட்டி. அதில் பழுதுபார்ப்பு பற்றிய பகுதி தெளிவாக இருக்க வேண்டும். பொதுவாக, கூரை, சுவர், மறைவாகச் செல்லும் குழாய், மின்கம்பி ஆகியவற்றுக்கு உரிமையாளர் பொறுப்பேற்பார். விளக்கு மாற்றுவது, குளிர்சாதனக் கருவியின் வடிகட்டியைக் கழுவுவது, வீட்டைத் தூய்மையாக வைத்திருப்பது போன்றவை குடியிருப்பவரின் கடமைகள். அவரது கவனக்குறைவால் உடைந்த பொருளுக்கு அவரே ஈடுசெய்ய வேண்டும்.

இயல்பான தேய்மானத்துக்கும் சேதத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது இன்றியமையாதது. ஐந்தாண்டுகளில் சுவரின் சாயம் மங்குவது தேய்மானம். சுவரில் ஓட்டை விழுவது சேதம். பலகாலம் பயன்பட்ட குழாயின் வளையம் தேய்வது தேய்மானம். குழாய்மேல் ஏறி நின்று அதை முறிப்பது சேதம். தேய்மானத்துக்காக முன்பணத்தைப் பிடித்துவைப்பது நியாயமாகாது. சேதத்தை மறைத்துவிட்டு முன்பணத்தை முழுமையாகக் கேட்பதும் நியாயமாகாது.

இந்த வேறுபாட்டை நிறுவச் சான்று வேண்டும். வீட்டுச் சாவியைக் கைமாற்றும் நாளில், இரு தரப்பினரும் சேர்ந்து ஒவ்வோர் அறையாகச் சென்று படமெடுத்து, பட்டியலிட்டு, கையொப்பமிட வேண்டும். ஏற்கெனவே உள்ள கீறல், விரிசல், கறை அனைத்தும் அப்பட்டியலில் இடம்பெற வேண்டும். வீட்டை விட்டு வெளியேறும் நாளில் அதே பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் சுற்றிப் பார்த்தால், வாக்குவாதத்துக்கு இடமிராது. இடையில் தோன்றும் பழுதுகளையும் வாய்மொழியாகச் சொல்வதோடு நில்லாமல், படத்துடன் குறுஞ்செய்தியாக அனுப்புவது நல்லது. அதில் நாளும் நேரமும் தாமாகவே பதிவாகிவிடும்.

உரிமையாளர் வீட்டைப் பார்வையிட விரும்பினால், முன்னறிவிப்புக் கொடுத்து, குடியிருப்பவர் ஒப்புக்கொண்ட நேரத்தில் செல்ல வேண்டும். வீடு அவருடையதே என்றாலும், அங்கு நடக்கும் வாழ்க்கை மற்றொருவருடையது. ஆறு மாதங்களுக்கு ஒருமுறை, பருவமழைக்கு முன்பும் பின்பும் சென்று பார்ப்பது போதுமானது.

செலவும் கணக்கும்

பழுதுபார்ப்புக்குச் செய்த செலவின் பற்றுச்சீட்டைத் தூக்கியெறியக்கூடாது. வாடகை வருமானத்துக்கு வரி கணக்கிடும்போது, வீட்டை இருந்த நிலையிலேயே பேணுவதற்குச் செய்த செலவைக் கழித்துக்கொள்ள உள்நாட்டு வருமான வரி வாரியம் இடமளிக்கிறது. மதிப்பீட்டு வரி, நிலவரி, தீக்காப்பீடு ஆகியவற்றையும் அவ்வாறே கழிக்கலாம். ஆனால், புதிதாக ஓர் அறை கட்டுவது வீட்டை மேம்படுத்துவதாகும். அந்தச் செலவைக் கழிக்க இயலாது. உடைந்த ஓட்டை மாற்றுவது பழுதுபார்ப்பு. வாகனம் நிறுத்த முற்றத்தில் புதுக் கூரை அமைப்பது மேம்பாடு. பற்றுச்சீட்டுகளை ஏழு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும்.

புது வீடு வாங்கியவருக்கு மற்றோர் உரிமையும் உண்டு. வீட்டுச் சாவி ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் தென்படும் கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளரே தம் செலவில் சரிசெய்து தர வேண்டும். அக்காலத்தில் வீட்டை வாடகைக்கு விட்டிருந்தால், குறைகளை முதலில் காண்பவர் குடியிருப்பவரே. அவர் தெரிவிக்காவிட்டால், உரிமையாளர் அவ்வுரிமையை இழக்க நேரிடும்.

பழுதுபார்ப்புப் பணிக்கு ஆள் அமர்த்தும்போது, மிகக் குறைந்த விலை கூறுபவரையே தேடக்கூடாது. இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டு, என்ன வேலை, என்ன பொருள், எத்தனை நாள் என்பதை எழுத்தில் பெற வேண்டும். வேலை தொடங்கும் முன்பே முழுப்பணத்தையும் கொடுத்துவிடாமல், வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாகக் கொடுப்பது பாதுகாப்பானது.

இரு கைகள் சேர்ந்தால்

கட்டுரையின் தொடக்கத்தில் கண்ட ஸ்கூடாய் வீட்டுக்கு மீண்டும் செல்வோம். அதே நவம்பர் மாலை. அதே பழுப்புக் கறை. ஆனால், இம்முறை மாணவர்களுள் ஒருவர் கறையைப் படமெடுத்து, “அண்ணே, உட்கூரையில ஈரம் தெரியுது, கொஞ்சம் வந்து பாருங்க” என்று செய்தி அனுப்புகிறார். வீட்டுக்காரர் மறுநாளே பணியாளருடன் வருகிறார். விரிசல் விட்ட ஓடு மாற்றப்படுகிறது. கறை பட்ட இடம் உலர்ந்த பின் சாயம் பூசப்படுகிறது. செலவு சிறிது, பூசல் இல்லை, முன்பணத்தைப் பற்றிய அச்சமும் இல்லை.

இரண்டு நிகழ்வுகளிலும் மழை ஒன்றே, ஓடு ஒன்றே. ஒரு செய்தி அனுப்பப்பட்டதும், அதற்கு ஒருவர் செவிசாய்த்ததும் மட்டுமே வேறுபாடு. இன்று பள்ளியில் பயிலும் மாணவர்கள் பலர், நாளை உயர்கல்விக்கோ வேலைக்கோ வெளியூர் சென்று வாடகை வீட்டில் தங்குவர். பிற்காலத்தில் சிலர் வீட்டுக்கு உரிமையாளராகவும் ஆவர். எந்த நிலையில் இருந்தாலும், மின்கசிவுத் துண்டிப்பியின் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பதும், நீர் அளவைக் கருவியின் எண்ணைக் குறித்து வைப்பதும், கண்ட பழுதை அன்றே தெரிவிப்பதும் அவர்களுக்கு உதவும் பழக்கங்கள். வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று முன்னோர் சொன்னது, உட்கூரையில் தெரியும் ஐம்பது காசு அளவுக் கறைக்கும் பொருந்தும்.